மூலைக் கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

கையால் பேசுகிற பெண்ணுக்குப் போன் வாங்கிக் கொடுத்து என்ன செய்வது? அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த மலர்கொடிக்கு இதுதான் தீராத தலைவலி. அவள் தம்பி அசோக் வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி பூவிழிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அத்தை மகள், சேர்ந்தே வளர்ந்தவள். அதனால் அவளுடைய கைப்பேச்சு அந்த வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி.

கேமரா வைத்து முகம் பார்த்துப் பேசலாம் என்றால் அசோக் இருந்த நாட்டில் அதற்குத் தடை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்கிற கதைதான். புருஷனும் பெண்டாட்டியும் கையை ஆட்டிக்கொண்டால் எந்தக் கோட்டை இடிந்துவிடுமோ, தெரியவில்லை.

மலர்கொடி இதற்கெல்லாம் ஓய்ந்துபோகிற ஆள் இல்லை. திருச்சியில் கம்ப்யூட்டர் படித்தவள். எங்கெங்கோ தேடி ஒரு புரோகிராமைக் கொண்டுவந்து மூலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அசோக் அங்கே ஒரு நெட் கடையில் உட்கார்ந்து இந்தக் கம்ப்யூட்டரோடு மட்டும் தொடர்பு வைப்பான். மற்றதையெல்லாம் இது அவனுக்காக வாங்கிக் கொடுக்கும். போவதும் வருவதும் பூட்டிய பொட்டலங்கள். நடுவில் எவன் எட்டிப் பார்த்தாலும், யாரோ பேங்க் கணக்குப் பார்க்கிறான் என்றுதான் தோன்றும். கீரைக் கூடைக்கு அடியில் சாராயம் கொண்டுபோகிற வேலைதான். ஆனால் மூலைக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் அவனுக்கு வழி இல்லை.

அசோக் கடையில் உட்கார்ந்ததும் மிஸ்டு கால் கொடுப்பான். பூவிழி திருமழபாடியிலிருந்து பஸ் ஏறி வந்து தயாராக இருப்பாள். படம் நின்று நின்றுதான் வரும். அதனால் ஒவ்வொரு சைகையையும் அப்படியே பிடித்து நிறுத்தி, அது அவனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்ததைக் காட்டப் பழகியிருந்தாள். சண்டைகூட அப்படித்தான் நிதானமாக நடக்கும். மலர்கொடி பார்த்துச் சிரிப்பாள்.

பெண் குழந்தை பிறந்தது. அதன் முகத்தையும் அசோக் அந்தத் திரையில்தான் முதலில் பார்த்தான். பார்த்ததும் தன் காதைத் தொட்டுக் காட்டினான். கேட்குமா? அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான். பாத்திரத்தைத் தட்டினால் சில நேரம் குழந்தை திரும்பியது, சில நேரம் திரும்பவில்லை. வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்தார்கள்.

அசோக்கிடமும் சொல்லிவிட்டுத்தான் திருச்சிக்குக் காட்டப் போனார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டுக் காது நன்றாகக் கேட்கிறது என்றார். அசோக்கிடம் சொல்ல மலர்கொடி அங்கேயே செல்லை எடுத்தாள். பூவிழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் நெஞ்சைத் தொட்டாள், கைகளை விரித்தாள். நான் சொல்வேன், என் கையால் சொல்வேன். மலர்கொடி அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் ஆயுத பூஜை. காலையிலேயே எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை படைத்தாயிற்று. சாமிக்கு வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. போன வருஷம் யாரோ அவசரம் என்று கெஞ்ச, பூஜை அன்றைக்கே ஒன்றை ஓடவிட்டாள். அடுத்த வாரமே இடி விழுந்து இரண்டு கம்ப்யூட்டர் கருகின. சூடு கண்ட பூனை அவள்.

சாயங்காலம் பூவிழி குழந்தையோடு வந்துவிட்டாள். மூலைக் கம்ப்யூட்டரைக் காட்டி ஒரு விரலை நீட்டினாள். அது ஒன்றை மட்டும்.

மலர்கொடி பொட்டைக் காட்டினாள். நாளைக்கு என்று கையால் சொன்னாள். பூவிழி அந்தப் பொட்டைப் பார்த்தாள். பிறகு சிரித்துத் தலையாட்டிவிட்டுப் பொரியை எடுத்து மென்றாள்.

அப்போது செல் ஒலித்து நின்றது. அசோக்குதான். மறுபடி ஒலித்தது, மறுபடி நின்றது. எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எடுத்தால் அவன் குழந்தையின் காதைப் பற்றித்தான் முதலில் கேட்பான், அவளோ சத்தியம் செய்திருந்தாள். இன்றைக்குப் பூஜை என்பது அவனுக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கற்பூரம் காட்டி, முதலில் மூலைக் கம்ப்யூட்டரைத்தான் போட்டாள். பூவிழி குழந்தைக்குப் புதுச் சட்டை மாட்டி, திரைக்கு முன்னால் மடியில் வைத்துக்கொண்டாள். செல் ஒலித்தது. நிற்கவே இல்லை. எடுத்தால், அசோக்கோடு அறையில் தங்கியிருந்த செட்டிகுளத்துத் திருமுருகன்.

"அக்கா... காலையில சாரம் சரிஞ்சு போச்சுக்கா. அசோக்கு மேல இருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள..."

மலர்கொடி செல்லை மறு காதுக்கு மாற்றினாள்.

"நேத்து அந்தக் கடையிலயே உக்காந்திருந்தான்க்கா. திறக்கவே மாட்டேங்குது, திறக்கவே மாட்டேங்குதுன்னு. ராத்திரி படுத்தும் தூங்கல. புள்ளைக்குக் காது கேக்கலபோல, அதான் சொல்லப் பயந்துக்கிட்டு அக்கா மூடி வச்சிருக்குன்னான். நான் எவ்வளவோ சொன்னேன்க்கா. கேக்குதாக்கா புள்ளைக்கு?"

"கேக்குதுப்பா," என்றாள் மலர்கொடி. "நல்லாவே கேக்குது."

பூவிழி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் எந்தச் சைகையும் தேவைப்படவில்லை.

அசோக்கைப் பெட்டியில் வைத்துத் திருமழபாடிக்குக் கொண்டுவர நாளாயிற்று. பெட்டியைத் திறந்ததும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு விழுந்தார்கள். பூவிழி விழவில்லை. குழந்தையை மலர்கொடியிடம் கொடுத்துவிட்டு அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். குழந்தையைச் சுட்டினாள். நிறுத்தினாள். தன் காதைத் தொட்டாள். நிறுத்தினாள். அந்தப் பக்கம் படம் போய்ச் சேரட்டும் என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தாள். மலர்கொடி குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாவி, ஒரு பொட்டை அழித்திருக்கக் கூடாதா என்று அவள் மனம் அவளையே அறைந்தது.

வாசலில் பறை முழங்கத் தொடங்கியது. குழந்தை திடுக்கிட்டுச் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி வீரிட்டு அழுதது.

பூவிழி அதைப் பார்த்தாள். அவன் கன்னத்தை மெல்லத் தட்டினாள். குழந்தையைக் காட்டினாள், காதைத் தொட்டாள், அவன் பார்க்கும் வரை கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.