படகுப் பள்ளி பார்த்த படலம்

எனக்கு இரண்டு வருஷமாக வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் ஒரு கை பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லெட்டர்தான் வந்தபாடில்லை. இந்த நேரம் பார்த்து நான் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னேன்.

அது எழுபத்து நாலாம் வருஷம். வங்காளத்துக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. நான் டல்ஹௌசியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்ட். எங்கள் வீடு லேக் மார்க்கெட்டில், ஏரிக்குக் கூப்பிடு தூரம். அங்கே வெள்ளைப் பாய் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போவதைப் பார்த்து, பாவாடை கட்டிய நாளிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல். யாரோ ஒருத்தர் தனக்கு வேண்டிய திக்கில் போகிறார், நான் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறேன். ஆரம்பநிலை சர்டிபிகேட் வாங்கினால் எங்கள் ஆபீஸ் படகு அணியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"முதல்ல அவளுக்கு ஒரு பையனைப் பாருங்கோ. படகை அப்புறம் பார்க்கலாம்" என்றாள் அம்மா.

அப்பா லக்ஷ்மிநாராயணன், டீ கம்பெனியில் ஹெட் கிளார்க். மறுப்புச் சொல்லவில்லை. "சேர்றதுன்னா சும்மாவா? நாலு இடம் பார்க்கணும், நன்னா விசாரிக்கணும்" என்றார். விசாரிப்பது என்றால் எப்படி என்று அவருக்கு ஒரு வழிதான் தெரியும். அதை அந்த இரண்டு வருஷத்தில் வந்துபோனவர்களிடம் அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒரு சனிக்கிழமை குடும்பமாகக் கிளம்பினோம். அப்பா, அம்மா, நான். மூன்று பேராகப் போனால் காரியம் ஆகாது என்று அம்மாவின் தம்பி பத்மநாபன் மாமாவையும் சேர்த்துக்கொண்டார்கள். மாமா சாந்த்ராகாச்சியில் ரயில்வே குமாஸ்தா.

முதல் பள்ளி கங்கைக் கரையில். நடத்துபவர் கப்பலில் வேலை பார்த்து ரிட்டயரான ஒரு வங்காளி. டீயும், சமோசா மாதிரியான சிங்காடாவும் வந்தன. அப்பா ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். சொந்த ஊர் எது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், குடிப்பது உண்டா.

"கரையில் மட்டும்" என்றார் அவர்.

அப்போதுதான் கவனித்தேன். அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை வீட்டார் முன்னால் அவர் நாற்காலி நுனியை விட்டு நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. அவர்கள் அசட்டு ஜோக் அடித்தாலும் முதலில் சிரிப்பவர் அவர்தான். இங்கே மற்றவர்கள் சிரித்தார்கள், அப்பா சிரிக்கவில்லை. எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வகுப்பு நேரம் கங்கையில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பொறுத்து வாரா வாரம் மாறும் என்றார் கப்பல்காரர். "நிலையா ஒரு நேரம் கிடையாதாமே" என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா எழுந்து கைகூப்பினார். "ஆத்துக்குப் போய் லெட்டர் போடறோம்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னார். அதே ஊரில் இருப்பவர்கள் எதற்கு லெட்டர் போட வேண்டும் என்று கப்பல்காரருக்குப் புரியவில்லை.

அடுத்தது மாமா சிபாரிசு செய்த இடம், சாந்த்ராகாச்சியில். குளம் முழுக்க ஆகாயத்தாமரை. அதன் நடுவில் ஒரு படகு நகர வழியில்லாமல் நின்றது. சொல்லிக்கொடுப்பவர் பூஜைக்கு ஊருக்குப் போனவர், இன்னும் திரும்பவில்லை. ஆனால் சர்டிபிகேட் ஒரே மாதத்தில் கிடைத்துவிடும் என்றார் அங்கிருந்த காரியதரிசி.

"தேவலையே. தண்ணியிலேயே இறங்க வேண்டாம்" என்றார் மாமா.

"பதவிசான இடம்" என்றாள் அம்மா. அப்பாவும் தலையை ஆட்டத் தொடங்கினார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டறதுக்கா கேட்டேன்? எனக்குப் படகு ஓட்டணும்" என்றேன். பெண் வாயைத் திறந்துவிட்டாள் என்று மாமா திகைத்துப் போனார். இங்கேயும் லெட்டர் போடுவதாகச் சொல்லிவிட்டு ரயிலேறினோம்.

மூன்றாவது, எங்கள் ஏரியிலேயே இருந்த சின்ன கிளப். சொல்லிக்கொடுப்பவள், எல்லோருக்கும் அக்காவான தாரா தீதி. கட்டையாக வெட்டிய தலைமுடி, காப்புக் காய்த்த கை. அப்பா சொந்த ஊரில் ஆரம்பித்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என் பக்கம் திரும்பி வங்காளத்தில் கேட்டாள். "நீச்சல் தெரியுமா? கவிழ்ந்தால் பயப்படுவாயா? எதற்காகக் கற்றுக்கொள்ள வேண்டும்?"

இரண்டு வருஷமாக எத்தனையோ பேர் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் அப்பாவிடம். என்னிடம் கேட்டவள் இவள்தான். நீச்சல் தெரியும், கவிழ்ந்தால் பயம்தான், ஆனாலும் வேண்டும் என்றேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓர் இடம்தான் மிச்சம். வரும் ஞாயிறு நாலரைக்கு வா. வராவிட்டால் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன்."

"ஞாயிற்றுக்கிழமை நாலரை டு ஆறு ராகு காலமாச்சே" என்று அம்மா பதறினாள்.

"தெற்குக் காற்று அப்போதுதான் வரும்" என்றாள் தாரா தீதி.

அப்பா வீடு வரும்வரை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "நாலு மணிக்கே போய் ஒரு காலைத் தண்ணியில வெச்சுடு. ஆரம்பிச்சாச்சுன்னு ஆயிடும்."

வியாழக்கிழமை ஒரு கார்டு வந்தது. ஜம்ஷெட்பூரிலிருந்து வீரராகவன் என்ற பையனும் அவன் அம்மாவும் ஞாயிறு மூன்று மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. "மூணு மணிக்கு வந்தா மூணேமுக்காலுக்குப் போயிடுவா" என்று எனக்கும் தனக்குமாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டார்.

ரயில் லேட். பட்டுப்புடவையும் மல்லிகையுமாக நான் உள்ளே புழுங்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் படியேறும்போது கூடத்துக் கடிகாரம் நாலரைக்கு ஒரு அடி அடித்தது.

பிள்ளையின் அம்மா நிலைப்படியிலேயே நின்றாள். "ராகு காலம் வந்துடுத்தே. ஆறு மணி வரைக்கும் பொண்ணைக் கண்ணுல காட்டாதேங்கோ. நாங்க பாட்டுக்கு உட்கார்ந்திருக்கோம்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. அப்பா உள்ளே வந்தார். "ஆறு மணி வரைக்கும் என்னைப் பார்க்க மாட்டாளாம்" என்றேன். அவர் என் சல்வாரை எடுத்துக் கொடுத்தார். கொல்லைப்புறமாக இரண்டு பேரும் ஓடினோம். பூவை எடுக்கக்கூட நேரமில்லை.

தாரா தீதி திட்டிவிட்டுத்தான் படகில் ஏற்றினாள். முதல் பாடம் கவிழ்வது. படகை வேண்டுமென்றே கவிழ்த்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று, கயிற்றை இழுத்து நிமிர்த்த வேண்டும். வகுப்பிலிருந்த இன்னொரு பெண் கவிழ்த்து, ஒரே இழுப்பில் நிமிர்த்தினாள். என் முறைக்காகக் காத்திருந்தபோதுதான் கரையில் அவர்களைப் பார்த்தேன். ராகு காலம் கழியட்டும், காற்று வாங்கலாம் என்று, நான் வீட்டில் இல்லாதது தெரியாமல், பெண் பார்க்கும் விசேஷத்துக்கு வந்திருந்த மாமா அவர்களை ஏரிக்கு அழைத்து வந்துவிட்டார்.

"நீங்க இங்கே என்ன பண்றேள்?" என்று பிள்ளையின் அம்மா அப்பாவைக் கேட்டாள். அப்பா மறைக்கவில்லை. படகைக் காட்டினார். உடனே அந்த அம்மாள் ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "வீரு, நீயும் திரும்பு" என்றாள். வீரு திரும்பினான். வேளை கெட்ட வேளையில் பெண்ணைப் பார்க்கக் கூடாதென்று, இரண்டு பேரும் எதிரே இருந்த வேர்க்கடலைக்காரனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் படகைக் கவிழ்த்தேன். சத்தம் கேட்டு அந்த அம்மாள் சட்டென்று திரும்பிவிட்டாள்.

"ஐயோ, பொண்ணு விழுந்துடுத்து."

"அதுதான் இன்னிக்குப் பாடம்" என்றார் அப்பா.

மல்லிகை ஒரு பக்கம் மிதந்துகொண்டிருந்தது. நான் தட்டுத் தடுமாறிப் பலகையில் ஏறினேன். கரை பக்கம்தான், பேச்சு நன்றாகவே கேட்டது.

"கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் கூடாதுன்னு அவகிட்ட சொல்லிடுங்கோ."

பாட்டு வேண்டாம், வேலை வேண்டாம் என்று எத்தனை பேர் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அப்பா, "ஆகட்டும், சொல்லிடறேன்" என்பார். அதைத்தான் இப்போதும் எதிர்பார்த்தேன். கையில் கயிறு வழுக்கியது.

"நான் எப்படிச் சொல்றது?" என்றார் அப்பா. "ஆறு மணிக்குக் கரைக்கு வருவா. அவளையே கேளுங்கோ."

நான் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். பாய் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது.

அந்த அம்மாள் ஆறு மணி வரை நிற்கவில்லை. நான் கரையேறியபோது மாமாகூட இல்லை. அப்பா மட்டும் தன் மேல்துண்டை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"அந்த இன்னொரு பொண்ணு உன்னைவிடச் சீக்கிரமா நிமிர்த்திட்டாளே, அது எப்படி?" என்று கேட்டார்.