முடிச்சுப் போட்ட குண்டு

அமெரிக்காவின் ஈரி ஏரியில் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டின் எடையில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என் கணவன் டுவேனிடம்தான் வருவார்கள். முப்பத்தைந்து அடி ஆழத்துக்கு அரை அவுன்ஸ், காற்றடித்தால் இன்னும் கொஞ்சம். பத்தடிக்குக் கால் அவுன்ஸே ஜாஸ்தி. குண்டு தரை தட்டுவது கைக்குத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் கனம் வேண்டாம் என்பான். இதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதை அவனே ஊருக்கெல்லாம் சொல்வதுதான் எனக்கு எரிச்சல்.

அன்று பருவத்தின் கடைசி ஜோடி மீன்பிடிப் போட்டி. கனமான ஐந்து பாஸ் மீன்களோடு கரையேறினால் இறுதிச் சுற்று. பல வருடமாக நூலிழையில் தவறிக்கொண்டிருந்தது. இந்த முறை போயே தீர வேண்டும் என்று எனக்கு வெறி.

காலையில் ஆழத்தில் அரை அவுன்ஸ் குண்டில் நான்கு மீன் கிடைத்தது. காற்று வலுத்ததும் பத்தடி ஆழப் பாறைத் திட்டுக்குப் படகைத் திருப்பினோம். வீட்டிலேயே கட்டி வைத்திருந்த இன்னொரு தூண்டிலை டுவேன் என்னிடம் நீட்டினான். அந்த ஆழத்துக்கென்றே அவன் அரத்தால் ராவி எடுத்த சின்னக் குண்டு. போட்டதும் மீன் கவ்வியது. அன்றைக்கு நாங்கள் பார்த்ததிலேயே பெரியது.

அது பாறைக்குள் ஓடியது, குண்டு கல்லிடுக்கில் சிக்கியது. நான் பதறவில்லை. இந்த வகைத் தூண்டிலில் முள் மேலே, குண்டு நைலான் நரம்பின் கீழ்நுனியில். அந்த நுனியை முடிச்சுப் போடாமல் குண்டின் தலையிலுள்ள கவ்வியில் செருகிவிடுவதே வழக்கம். சிக்கினால் ஓர் இழுப்பு, குண்டு போகும், மீன் வரும். இழுத்தேன். கழலவில்லை. பலமாக இழுத்தேன். முள்ளுக்கு மேலேயே நரம்பு அறுந்து மீனும் போனது.

அவன் கட்டிய அடுத்த தூண்டிலை எடுத்துப் பார்த்தேன். கவ்விக்குக் கீழே முடிச்சு.

"அதுலயும் முடிச்சுப் போட்டியா?"

"எத்தனை நாள் ராவின குண்டு, கோரின். கல்லுல விட்டுட்டு வர மனசு வரல."

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பு செய்ததாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

நேரம் முடிந்தது. நான்கு மீனோடு மூன்றாம் இடம். இறுதிச் சுற்றுக்கு இரண்டு ஜோடிகள்தான். கரையில் ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டு எந்த ஆழத்துக்கு எந்தக் குண்டு என்று கேட்டார்கள். அவனும் விளக்கிக்கொண்டிருந்தான். நான் போட்டி நடத்தும் மார்ஜிடம் போய், அடுத்த வருடம் என் ஜோடியாக என் தங்கை வருவாள் என்று சொன்னேன்.

டுவேன் காதில் விழுந்துவிட்டது. சிரித்தான்.

"அவளுக்குக் குண்டைப் பத்தி என்ன தெரியும்?"

"தொலைக்கத் தெரியும்" என்றேன்.