எலினாவின் ரத்தம்

"தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி எலினாவோட ரத்தத்தைச் சோதிக்கணும்," என்றாள் நைதா.

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா பிரிமித்திவா காலையிலேயே கெஞ்சியிருந்தாள். பெண் கேட்டு வருகிறவர்கள் முன்னால் ஆஸ்பத்திரிப் பேச்சு வேண்டாம், தங்கை எலினாவின் வாழ்க்கையைக் கெடுக்காதே என்று. நைதாவும் தலையாட்டித்தான் வைத்தாள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா லெயோகாதியா, சுரைக்குடுக்கையிலிருந்து கொஞ்சம் சிச்சா என்ற சோளக் கள்ளைப் பூமித்தாய்க்குத் தரையில் சிந்திவிட்டு, "அடுத்த கார்னிவலுக்குள்ள பேரனைக் கையில குடுத்துடணும்," என்று சிரித்தபோது அவள் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

லெயோகாதியாவின் தலைக்குப் பின்னால் சுவர். மண் வெடிப்புகளிலிருந்து கறுப்பும் மஞ்சளுமாக வழிந்து காய்ந்த கோடுகள், யாரோ எச்சில் துப்பித் துப்பி வைத்ததுபோல. அம்மா அதன்மேல் புதுக் காலண்டர் மாட்டியிருந்தாள். காலண்டருக்குக் கீழேயும் வழிந்திருந்தது. ரத்தம் குடிக்கும் வின்சூக்காப் பூச்சியின் மலம். அந்தப் பூச்சி, அடுப்படியில் வளர்க்கும் கினிப்பன்றிகளின் ரத்தத்தில் கொழுத்து, இருட்டியதும் தூங்குகிறவர்களின் முகத்துக்கு வரும். குடித்துவிட்டு அங்கேயே கழிந்துவிட்டுப் போகும். தூங்குகிறவர் சொறிந்து, அந்த மலத்தைத் தன் கையாலேயே உள்ளே தேய்த்துக்கொள்வார். இதயத்தை அரிக்கும் கிருமி அப்படித்தான் ரத்தத்துக்குள் போகிறது. அதற்கு இந்த வீட்டில் யாரும் வெட்கப்பட்டதில்லை. அதை வாய்விட்டுச் சொல்வதற்குத்தான் வெட்கம்.

நைதா இந்த ஊரிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள். கொச்சபம்பா நகர ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் வேலை. தன் ரத்தத்திலும் அந்தக் கிருமி இருக்கிறதா என்று அங்கேதான் சோதித்தாள். இருந்தது. மாத்திரை சாப்பிட்டாள்.

லெயோகாதியா கினிப்பன்றித் தொடையை வாயிலிருந்து எடுத்தாள். "ஏன், பொண்ணுகிட்ட பழுதா?"

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்தி," என்றாள் அம்மா. "டவுன்ல படிச்சவ. கண்டதையும் பேசுவா."

"பழுதில்ல, பூச்சி. உங்க வீட்டுலயும் இருக்கும். உங்க மகனுக்கும் இருக்கலாம்."

"எங்களையும் கடிச்சுதும்மா. செத்தா போயிட்டோம்? என் வீட்டுக்காரரு மட்டும் வயல்ல சுருண்டு விழுந்து போனாரு. அது கெட்ட காத்து பட்டது," என்றாள் லெயோகாதியா.

நைதாவுக்குச் சிரிப்பதா துப்புவதா என்று தெரியவில்லை.

மூலையில், வீங்கிய கால்களை மூட்டைமேல் தூக்கி வைத்திருந்த அப்பா செலெஸ்தினோ பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "மாத்திரை நான் தின்னு பாத்துட்டேன். அரிப்பு, வாந்தி, தோலெல்லாம் உரிஞ்சுது. நெஞ்சு சரியாச்சா? அதே வெஷத்தை இவளுக்கும் குடுக்கணுமா?"

இதுதான் வீடு முழுக்க நம்பியது. அப்பாவைக் காப்பாற்றாத மாத்திரை யாரையும் காப்பாற்றாது.

"மாத்திரை கிருமியைத்தான்பா கொல்லும். கிருமி தின்னுட்டுப்போன நெஞ்சை அது தைச்சுக் குடுக்காது. ஊதிப்போன இதயம் ஊதிப்போனதுதான். மாத்திரை குடுத்தவன் இதை உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."

"அப்புறம் எதுக்குடி அது?" என்றார் அப்பா.

"நெஞ்சு கெடாதவளுக்கு. எலினாவுக்கு. வயித்துல பிள்ளை வந்துட்டா குடுக்க முடியாது. ரத்தத்துல இருந்தா பிள்ளைக்கும் போகலாம். இப்ப விட்டா எப்ப குடுக்கிறது?"

மாப்பிள்ளைப் பையன் நாற்காலியைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டான். லெயோகாதியா விரல்களைப் பாவாடையில் துடைத்தாள். "அறுவடை முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

அம்மாவின் முகம் செத்துவிட்டது. "நீயும் கட்டிக்கல. இவளையும் கட்ட விடமாட்ட. சம்பந்திகிட்ட மன்னிப்புக் கேளு."

"ரத்தத்தை எடுக்கா," என்றாள் எலினா.

அதுவரை அவள் அடுப்பருகே நின்றிருந்தாள். இப்போது சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"எலினா!"

"அப்பா மூச்சுக்குத் தவிக்கிறதைக் கேட்டுக்கிட்டேதாம்மா தினம் படுக்கிறேன். எனக்குத் தெரியணும்."

நைதா பையிலிருந்து ஊசியையும் குழாயையும் எடுத்தாள். குழாயில் ரத்தம் ஏறியபோது லெயோகாதியா மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரில் வழிந்ததற்குக் கீழே உட்கார்ந்து கறி தின்றவள்.

"இருந்தா?" என்று கேட்டாள் எலினா, பஞ்சை அழுத்திக்கொண்டு.

"என்கூட வந்து இரு. மாத்திரையை முழுசா முடி. அப்புறம் கட்டிக்க."

"இவங்க காத்திருப்பாங்களா?"

"அதை அவங்கதான் சொல்லணும்."

எலினா மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் மடியிலிருந்த தன் தொப்பியைப் பார்த்தான். "காத்திருந்தா கட்டிக்கிறேன்," என்றாள் அவள்.

"அந்தக் குழாயோட வெளிய போன, திரும்ப வராத," என்றாள் அம்மா.

நைதா பையைத் தோளில் மாட்டினாள். சோதனையின் முடிவு எதுவானாலும் முதலில் எலினாவிடம்தான் சொல்வாள். அது தெரிந்ததும் அடுத்த பஸ்ஸில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவாள். இனி இந்தச் சுவருக்குக் கீழே அவர்கள் இரண்டு பேரும் படுக்கப்போவதில்லை. குழாய் உள்ளங்கையில் சூடாக இருந்தது. அவள் அதை மூடிப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.