உப்புக் கிணற்றுப் படப்புத்தகம்

எண்பத்துநான்காம் ஆண்டு பத்மாவதியும் நானும் பருத்தித்துறைக்குக் கிட்டிய எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தோம். பிள்ளைகளுக்கு நல்ல படப்புத்தகம் இல்லையென்று நாங்களே ஒன்று செய்யத் தொடங்கினோம். அவள் கதை எழுத, நான் படம் கீறினேன். சனிக்கிழமைகளில் அவள் வீட்டு விறாந்தையில், தேத்தண்ணீருக்குள் தூரிகையைத் தோய்த்துவிட்டுச் சிரித்த நாட்கள் அவை. அப்படிச் சிரிக்க இப்போது ஆளில்லை.

கதை ஒரு கிணற்றைப் பற்றியது. தண்ணீர் உப்பாகிறது, மழை பெய்ததும் மறுபடி நல்ல தண்ணீராகிறது. அதை வகுப்பில் வாசித்தபோது, கூலிக்குத் தோட்டவேலை செய்பவர்களின் குடியிருப்பிலிருந்து வரும் குணலட்சுமி எழுந்தாள்.

"மழை பெய்தது ரீச்சர். எங்கடை கிணறு இன்னும் உப்புத்தான். பக்கத்துத் தோட்டத்திலை பகல் முழுக்க மிசின் இறைக்குது, அதாலைதான் உப்பு ஏறுது."

அந்த வெங்காயத் தோட்டம் வாசிகசாலைத் தலைவர் சிவசுப்பிரமணியத்தினுடையது. அன்று பின்னேரமே குணலட்சுமியோடு போனோம். அவளின் தாய் தந்த தண்ணீர் உப்புக் கரித்ததால் என்னால் விழுங்க முடியவில்லை. நல்ல தண்ணீருக்கு அவர்கள் அரை மைல் நடந்து, அதே சிவசுப்பிரமணியத்தின் வீட்டு வேலிக்கு வெளியே குடங்களோடு காத்து நின்றார்கள். சாதி பார்த்து அவர்களை அள்ள விடுவதில்லை. வீட்டார் வந்துதான் ஊற்றவேண்டும். எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். அதுவரை நான் அதை யோசித்ததேயில்லை.

பத்மாவதி கதையை முதலிலிருந்து எழுதினாள். நான் மிசினையும் வேலியையும் குடங்களையும் கீறினேன்.

அச்சாகி வந்த புத்தகத்தை வாசிகசாலைக்குள் வைக்கக்கூடாது என்றார் சிவசுப்பிரமணியம். பிள்ளைகளின் புத்தகத்தில் இந்தக் கதை ஏன் என்று கேட்டார்.

"தண்ணிக்குக் காத்து நிக்கிறதும் பிள்ளையள்தானே ஐயா" என்றாள் பத்மாவதி.

புத்தகங்களைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டோம். சிவசுப்பிரமணியத்தின் மகள் மீனாம்பிகையும் அதே வகுப்புத்தான். அவள் அதை வீட்டில் தினமும் உரத்து வாசித்து, இது எங்கடை வேலியோ என்று தாயைக் கேட்டிருக்கிறாள். ஒரு கிழமை பொறுத்த தாய் செல்வநாயகி, ஒரு காலை வேலிப் படலைக் கதவைத் திறந்துவிட்டு, அவர்களே அள்ளட்டும் என்றார். சிவசுப்பிரமணியம் மிசினை நிறுத்தவில்லை. ஆனால் அதன்பிறகு காலையில் மட்டும் இறைத்தார். எங்கள் வீட்டுப் படலையை நான் அம்மாவோடு இரண்டு மாதம் சண்டைபிடித்துத்தான் திறந்தேன்.

தொண்ணூற்றைந்துக்குள் போரால் எல்லோரும் திக்குத்திக்காகப் போய்விட்டோம். பத்மாவதி எங்கேயென்று தெரியாது. ஆனால் செல்வநாயகியின் கிணற்றடி மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. தன் தாய் தயங்கி நிற்க, குணலட்சுமி துலாக்கயிற்றைப் பிடித்து முதல் வாளியை அள்ளினாள். குடத்தில் ஊற்றாமல் அப்படியே தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.