அம்சம் கையால் சோறில்லை

மார்கழி பிறந்து பத்து நாளாகியிருந்தது. விடிந்து வெகுநேரமாகியும் சம்பா வயல்களின் மேல் பனி கலையவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் மதிவதனிக்கு மூக்கடைப்பு. நன்னிலத்தில் உரக்கடையில் வேலை பார்க்கும் மகன் இளம்பரிதிக்கு நெஞ்செல்லாம் சளி. அம்மா அம்சம் கொள்ளுப்பயறை வாசனை வர வறுத்து வேகவைத்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். முருங்கைக்கீரையை உருவி வதக்கினாள். மூன்று பேருக்கு உலை வைத்தாள். வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள்.

நான்காவது ஆள் அவள் புருஷன் ரெத்தினம். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், அறுப்புக்கு இருபது நாள் இருக்கும்போது, திருப்பூரில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவர். அங்கேயே வேறொருத்தியோடு குடும்பம் நடத்தினார். உடம்பு கெட்டதும் அவள் வெளியே தள்ளிவிட்டாள். நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் இருமிக்கொண்டு கிடந்தவரை இளம்பரிதிதான் போன வாரம் பைக்கில் ஏற்றி வந்தான்.

அன்றைக்கே அம்சம் மகனிடம் சொல்லிவிட்டாள்.

"கூட்டியாந்தது நீ. படுக்க எடம் குடு, நான் கேக்கல. ஆனா அந்த ஆளுக்கு என் கையால சோறு கெடையாது."

அதிலிருந்து மகன் கடை இட்லி வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தான். இன்று கடையில் லோடு இறங்குகிறது என்று ஆறு மணிக்கே போய்விட்டான். பொட்டலம் வரவில்லை.

பின்கட்டு அறையிலிருந்து குரல் வந்தது. "அடியே, ரசம் மணக்குதே. ஒரு தட்டுல போட்டு எடுத்தா."

அம்சம் மகளுக்குத் தட்டை எடுத்து வைத்தாள். ரெத்தினம் போர்வையைச் சுற்றிக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"காது கேக்கலையா ஒனக்கு? தாலி கட்டுனவன் பசியோட நிக்கிறேன்."

"தாலிய எப்பவோ அடகு வச்சேன். ரெண்டு புள்ளையும் காய்ச்சல்ல கெடந்தப்ப." ஒருகாலத்தில் அவரை 'நீங்க' என்றுதான் அழைப்பாள். "நீ அப்ப எங்க இருந்த?"

"பழசக் கிளறாத. நீ ஒழுங்கா இருந்திருந்தா நான் ஏன் போறேன்?"

சொல்லிக்கொண்டே அவர் உள்ளே வந்து ரசச் சட்டியின் மூடியைத் திறக்கப் போனார். அம்சம் மூடியை அழுத்திப் பிடித்தாள். அவர் சட்டியின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். அடுப்புத் திட்டிலிருந்து சட்டி சரிந்து தரையில் விழுந்து உடைந்தது. கொதிக்கிற ரசம் அம்சத்தின் பாதத்தில் கொட்டியது.

சத்தம் கேட்டுத் தலை துவட்டிய துண்டோடு மதிவதனி ஓடி வந்தாள். அம்மாவின் காலில் தண்ணீரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"பாத்தியா பாப்பா ஒங்கம்மா பண்ற வேலைய?" என்றார் ரெத்தினம்.

"யாருங்க நீங்க? எங்க அடுப்படியில ஒங்களுக்கு என்ன வேலை?" அவள் கத்தவில்லை. அசலூர்க்காரரிடம் பேசும் மரியாதையோடு கேட்டாள். ரெத்தினம் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

மகளுக்குப் பஸ் தவறிவிடும் என்று அம்சம் கீரையும் சோறும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். கொப்புளத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, உடைந்த சட்டியின் ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கி, தரையைக் கழுவி, மறுபடியும் கொள்ளு வறுத்தாள். பின்கட்டில் இருமல் கேட்டது. கேட்கட்டும் என்று இருந்தாள்.

சாயங்காலம் வந்த இளம்பரிதி அம்மாவின் காலைப் பார்த்தான். நடந்ததைக் கேட்டான். பின்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"அவரு காலையிலேருந்து ஒண்ணும் சாப்டலம்மா. நேத்து காட்டுனப்ப டாக்டர் இனிமே கஞ்சிதான் குடுக்கச் சொன்னாரு. கடையில கஞ்சி கெடைக்காது. ஒரு வாய்..."

"அடுப்பு இருக்கு. அரிசி இருக்கு. நீ காய்ச்சிக் குடு."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"நான் மட்டும் தெரிஞ்சுக்கிட்டா பொறந்தேன்?"

அவன் கோபத்தோடு எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தான். நொய்யரிசியைக் களையாமல் போட்டான். தண்ணீர் போதவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்திருந்த அம்சத்துக்கு அடிப்பிடிக்கும் வாசனை அவனுக்கு முன்பே தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். கரண்டி சுட்டு அவன் கையை உதறினான். அப்போதும் அவள் எழவில்லை. எழுந்தால், இந்த வீட்டில் அந்த ஆளுக்கும் சேர்த்து உலை வைப்பது நாளையிலிருந்து தன் வேலையாகிவிடும்.

தீய்ந்த கஞ்சியை ரெத்தினம் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். "ஒங்கம்மாவ வைக்கச் சொல்லக் கூடாதா?" என்றார்.

"குடிக்கிறதா இருந்தா குடிங்க. இல்லன்னா கிண்ணத்த வச்சிட்டுப் படுங்க." இளம்பரிதி அப்படிப் பேசி அம்சம் கேட்டதில்லை.

மறுநாளும் அவனே காய்ச்சினான். அதற்கடுத்த நாளும். கடைக்குப் போகுமுன் அரைமணி நேரம் முன்னதாக எழ வேண்டியிருந்தது. வாரக் கடைசியில், கண்ணெல்லாம் சிவந்து, அம்மா பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ எத்தன மணிக்கும்மா எந்திரிப்ப?"

"நாலரைக்கு."

"தெனமுமா?"

அவன் போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அடுப்பின் அருகே போட்டான். அவளை அதில் உட்கார வைத்து, புண்காலைத் தூக்கி ஒரு முக்காலியின்மேல் வைத்துவிட்டு, "பூண்டு எங்க இருக்கு?" என்று கேட்டான். அன்று ரசம் அவன்தான் வைத்தான். உப்பு கூடிப்போயிருந்தது. அம்சம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.