வண்டி வந்த சத்தம்

...ஓடவே இல்லை என்கிறாள், சரி, சக்கரத்திலிருந்து தரைக்குச் சிலந்தி எவ்வளவு நிதானமாக வலை கட்டியிருக்கிறது, டயர் நான்கும் அடியில் தட்டையாகிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டன, கண்ணால் பார்த்தால் ஓடாத வண்டிதான், ஆனால் கழற்றிய பிளக் நான்கும் கரி அப்பி ஈரமாக இருக்கின்றனவே, பெட்ரோல் வாடை மூக்கை அடைக்கிறதே, ஆயில் மூடியைத் திருகி எடுத்தால் உள்பக்கம் பாலாடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதே... அது எப்போது படியும்? எஞ்சினை எழுப்பிச் சூடேறுவதற்குள் அணைத்துவிட வேண்டும், மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. நகராத வண்டியைத் தினமும் யார் எழுப்புகிறார்கள், எதற்கு? அவள் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், லேப்பிலிருந்து நேராக வந்தவள், வெள்ளைக் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. போன மாதம் எனக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்தது இவள்தான், எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் அண்ணா என்றாள், எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை, அவ்வளவு லேசான கை. அப்போது என் தொழிலைக் கேட்டு வைத்துக்கொண்டவள் இன்று போன் செய்து, வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது, மூன்று நாளாக ஸ்டார்ட் ஆகவில்லை, இருட்டுவதற்குள் வர முடியுமா என்றாள். இருட்டுவதற்குள் என்ன அவசரம்? என்னை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள், எஞ்சின்மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரை ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கிற பழக்கத்தால் வந்த பேர், என் வீட்டுக்காரி மட்டும் அதை ஒப்புக்கொள்வதில்லை, ஊரான் வண்டி முனகினா கேக்குது, நான் கத்துனா கேக்காது என்பாள்...

கம்ப்ரஷன் பார்ப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, பிளக் இருந்த ஓட்டையில் அளவுமானியை முறுக்கிவிட்டு எஞ்சினைச் சுற்றவிட்டால், பிஸ்டன் காற்றை அமுக்க அமுக்க முள் ஏறும், ஏறவில்லையென்றால் காற்று எங்கோ தப்பித்துப் போகிறது, மேலே வால்வு வழியாகவா, கீழே பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் வழியாகவா, அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. கொஞ்சம் உள்ளே உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டுச் சாவியைத் திருப்புங்கம்மா என்றேன், உட்கார்ந்தாள், கீழே பார்க்காமலே கை சாவிக்குப் போனது, இருட்டில் தன் வீட்டு சுவிட்சைத் தேடாமல் போடுகிறவர்களின் கை மாதிரி. குள்ளமான உருவம், ஆனால் கால் பெடலுக்கு எட்டியது, இருக்கை ஏற்கெனவே அவளுக்காக முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. "வண்டி ஓட்டத் தெரியாதுன்னீங்களேம்மா." "ஓட்டத் தெரியாதுண்ணா. ஸ்டார்ட் பண்ணத் தெரியும்." சாவியைத் திருப்பினாள், பிளக் இல்லாத எஞ்சின் மூச்சிரைக்கிற நாய் மாதிரி தொப் தொப்பென்று சுற்றியது, முதல் சிலிண்டரில் முள் பாதி ஏறி நின்றது, இரண்டாவதும் அப்படித்தான், மூன்றாவதில் எழுந்திருக்கவே மனசில்லாததுபோல் கொஞ்சம் அசைந்து படுத்துவிட்டது, நான்காவதற்கு மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது, வயதான பெண் குரல், கலங்காத குரல். "என்னம்மா, அவன் இன்னிக்குச் சீக்கிரமா வந்துட்டானா?" இவள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, "இல்லத்தை, இன்னும் வரல, பக்கத்து வீட்டுல ஏதோ சத்தம்" என்றாள். பக்கத்து வீடா? நான் இங்கேதானே நிற்கிறேன், என் கையில்தானே முள் ஆடுகிறது? பொய் சொல்கிறவர்கள் ஒரு நொடியாவது யோசிப்பார்கள், இவள் யோசிக்கவே இல்லை... வெயில் இன்னும் முழுசாக இறங்கக்கூட இல்லை.

மூன்றாவது சிலிண்டரில் ஒரு மூடி ஆயில் விட்டு மறுபடி சுற்றச் சொன்னேன், ஆயில் விட்டதும் முள் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு, அது ஏறியது, மற்ற மூன்றைவிட அதிகமாக ஏறியது. சரி, ரிங்தான், சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கிறது, பச்சைப் பெட்ரோல் கழுவிக் கழுவிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் போயிருக்கிறது, மூன்றாவதில் ரிங் இறுகியும் போயிருக்கலாம்... இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டு, தினமும் யாரும்மா இதை ஸ்டார்ட் பண்றது என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டாமோ? "நான்தான்" என்றாள், ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்கிற அதே குரலில். கணவர் இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டதாம், வேலைக்குப் போன வெளியூரில் நெஞ்சு வலி, அத்தை அப்போது கண் ஆபரேஷன் சரியாக அமையாமல் பார்வை போய் ஆஸ்பத்திரியில் இருந்தாராம், சொன்னால் அவரும் போய்விடுவார் என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார். "அத்தைக்கு இன்னும் தெரியாதுண்ணா. சாயந்தரம் வண்டி சத்தம் கேக்கணும். கேட்டாத்தான் சாப்பிடுவாங்க. சத்தம் கேட்டதும் கார் கதவைச் சாத்துவேன், அவர் செருப்பைப் போட்டுக்கிட்டு நடை வழியா நடப்பேன், ரூம் வாசல்ல கொஞ்ச நேரம் நிப்பேன்." பேசமாட்டீங்களா? "அவர் அதிகம் பேசமாட்டாருண்ணா." ஒரு தாயை ஒரு வருஷமாகவா? செருப்பு ஓசையால் ஏமாற்ற முடியுமா, கண் தெரியாதவர்களுக்குக் காது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவள் பானெட் விளிம்பைத் தடவிக்கொண்டே, "ஸ்டார்ட் ஆனா போதும், சத்தம் மட்டும் மாறிடக் கூடாது, ஒரு கால் நொண்டுற மாதிரி ஒரு சத்தம் வரும், அத்தைக்கு அது பழகிடுச்சு" என்றாள். வண்டிச் சத்தத்தைச் சரி செய்யச் சொல்லி ஆயிரம் பேர் வந்திருக்கிறார்கள், கெட்ட சத்தத்தைப் பத்திரமாக வைத்துக் கொடு என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்...

நான்கு சிலிண்டரிலும் ஆயில் விட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டி, ஷெட் கதவை அகலத் திறந்து வைத்தேன், புகை வரும். இந்த முறை நானே உட்கார்ந்தேன், முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது, யோசிக்காமல் இருக்கையைப் பின்னால் தள்ளினேன், தடம் துருப்பிடித்துக் கிடந்தது, கிறீச்சிட்டுக்கொண்டு கடைசி வரை போய் 'டக்'கென்று நின்றது, அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள், என்னை இல்லை, நான் உட்கார்ந்திருந்த இடத்தை. சாவியைத் திருப்பினேன், இருமியது, நீலப்புகை கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது... நொண்டவில்லை. எண்ணெய் குடித்த நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல் எரிய, எஞ்சின் பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரே சீராக ஓடியது. இது நிற்காது, விட்ட எண்ணெய் எரிந்து தீரும் வரைதான், எனக்குத் தெரியும், ஆனால் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "இது அவர் இருந்தப்ப வந்த சத்தம்" என்றாள். உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. "வந்துட்டான் போல இருக்கே. இங்க வரச் சொல்லும்மா." அவள் அசையவில்லை, என்னைப் பார்த்தாள், "போங்க" என்றாள். நானா? "பேச வேண்டாம், நின்னா போதும்." முடியாது என்றுதான் நினைத்தேன், வாய் திறந்தது, ஆனால் கால் அதற்குள் இறங்கி நடைவழியில் நடந்துகொண்டிருந்தது, அந்த வீட்டின் நடைவழி எங்கே திரும்பும் என்று என் காலுக்கு யார் சொன்னது?

அறையில் விளக்கில்லை, அந்த அம்மாவுக்கு எதற்கு விளக்கு, கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், முடியை யாரோ அக்கறையாக வாரிப் பின்னியிருந்தார்கள், அவள்தான், வேறு யார். கையை நீட்டினார்கள், கொடுக்காமல் எப்படி இருப்பது, என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, முகத்தருகே கொண்டுபோய் மோந்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "மெக்கானிக்காப்பா?" என்றார்கள். ஆமாங்கம்மா என்றேன், வேறு என்ன சொல்வது? "பக்கத்து வீடாம். எனக்குக் கண்தான் போச்சு" என்று லேசாகச் சிரித்தார்கள், பிறகு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்கள். "என் மகன் செத்தது எனக்கு அன்னிக்கே தெரியும், ஆஸ்பத்திரி வராண்டாவுல பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. இவதான் தாங்கல. எழுந்திருக்கல, தண்ணிகூடக் குடிக்கல. அப்புறம் ஒரு சாயந்தரம் வண்டி சத்தம் கேட்டுச்சு, வந்து, அத்தை அவர் வந்துட்டாருன்னா. அன்னிக்குத்தான் அடுப்பே பத்த வெச்சா. பெத்தவ நான் என்னப்பா சொல்றது, கைகால் கழுவிட்டு வரச் சொல்லுன்னேன்." அப்படியானால் யாருக்காக யார்... "இப்பல்லாம் அவனோட பேசுறா, சமையக்கட்டுல. இவ கேக்கறது கேக்குது, பதில் எனக்குக் கேக்கல, ஆனா இவ சிரிக்கிறா. வண்டி தானா நின்னு போச்சேன்னு நிம்மதியா இருந்தேன். நீ வந்துட்டே. எஞ்சின் செத்துடுச்சுன்னு சொல்லிடுப்பா. இனிமே ஆகாதுன்னு சொல்லிடு. ஒரு மெக்கானிக் சொன்னா நம்புவா."

சொல்லிவிடலாம், அப்படியொன்றும் பெரிய பொய்யும் இல்லை, மூன்றாவது சிலிண்டர் போய்விட்டது, பிரித்தால் உள்சுவர் தேய்ந்திருக்கும், இந்த வயசு வண்டிக்குப் பாகம் கிடைக்காதும்மா, இரும்புக் கடைக்குக் கொடுத்துடுங்க... வாசகத்தைச் சேர்த்துக்கொண்டே நடைவழியில் திரும்பி வந்தேன், எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, எண்ணெய் தீர்ந்து வருகிறது, நாலில் ஒரு தட்டு தவற ஆரம்பித்துவிட்டது. ஷெட்டில் மாலை வெளிச்சமும் புகையுமாக இருந்தது, அவள் வெளியே இல்லை. காருக்குள் இருந்தாள், ஓட்டுகிற இடத்தில் இல்லை, பக்கத்து இருக்கையில், வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, எங்கோ கிளம்பத் தயாரானவள் மாதிரி, நான் பின்னால் தள்ளிவிட்டுப் போன இருக்கை அவள் பக்கத்தில் காலியாக இருந்தது. எஞ்சின் செத்துடுச்சும்மா, அவ்வளவுதான், இரண்டே சொல். அவள் என்னைப் பார்த்து, ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்தவளின் முகத்தோடு, "அத்தைகிட்டப் பேசிட்டாரா அண்ணா?" என்றாள். பேசிட்டீங்களா என்று கேட்கவில்லை. பேசிட்டாரா... நான் உள்ளே போனதை இவள் பார்த்தாளே, போங்க என்று சொன்னதே இவள்தானே, அப்படியானால் என் கூடவே இன்னொருவரும் போனதாக... நடைவழியில் என் காலடி மட்டும்தான் கேட்டதா, நான் அதைக் கவனித்தேனா, கவனிக்கவே இல்லையே. சாவியை அணைக்கக் கையை உள்ளே நீட்டினேன், காலி இருக்கையின்மேல் கை படாமல், ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படிச் சுற்றி நீட்டுவோமோ அப்படிச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தபோது, "பேசிட்டாரும்மா" என்று என் வாய் சொல்லி முடித்திருந்தது.