சுஜூதில் வந்த வருத்தம்

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்ததும் ஷாமிலா முசல்லாப் பாயை விரித்துத் தொழ நின்றாள். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். முகம் வெளுத்து, உடுப்பெல்லாம் வியர்வையில் தெப்பமாக நனைந்தது. சற்று நேரத்தில் ஒன்றுமே நடவாதது போல எல்லாம் அடங்கிற்று.

அவள் புருஷன் நஸ்ரி ஓடிப்போய் முதலில் சாத்தியது வாசல் கதவை. தண்ணீர் பிறகுதான். கெட்டவனல்லன், கிண்ணியாவில் நாலு பேர் மதிக்கும் மீன் வியாபாரி. அந்த நாலு பேருக்குத்தான் பயந்தான். அடுத்தடுத்த நாள்களிலும் அவள் சுஜூதுக்குக் குனியும்போதெல்லாம் அதே வந்தது.

"சுஜூதுக்குப் போனாத்தானே வருகுது? இது ஜின்தான் தம்பி," என்று அவனுடைய ராத்தா லைலா தீர்ப்பே சொல்லிவிட்டாள். "வெளிய கதைக்காத. ஊட்டுல ரெண்டு கொமருப் புள்ளைகள் இரிக்கி."

"இது ஏதோ வருத்தம், ஆஸ்பத்திரிக்குப் போவமே," என்று ஷாமிலா கெஞ்சினாள்.

"பைத்தியமெண்டு கதை பரவினா நம்மட புள்ளைகள ஆரு கேட்டு வருவாங்க?" என்றான் நஸ்ரி.

ஓதிய தண்ணீரிலும் தாயத்திலும் மாதங்கள் போயின. ஒருநாள் மீன் கழுவக் குனிந்தவள் எழும்பவேயில்லை. வாய் கோணி, வலக்கை துவண்டு கிடந்தது.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் டொக்டர் கஜந்தி எல்லாவற்றையும் கேட்டார். சிறுநீர்ச் சோதனையும் ஸ்கேனும் முடிந்தபின் நஸ்ரியைக் கதிரையில் இருத்தினார்.

"சிறுநீரகத்துக்கு மேல அட்ரினல் எண்டொரு சுரப்பி இருக்கு. அதில ஒரு கட்டி. அபூர்வமானது, ஆனா புற்றுநோய் மாதிரித் தெரியேல்லை. குனியேக்க அது நசிபட்டு, பிரஷரை ஏத்துற சுரப்பை இரத்தத்தில கொட்டுது. அதிலதான் மூளையில இரத்தம் கசிஞ்சிருக்கு. முதல்ல மருந்தால பிரஷரை அடக்கவேணும், பிறகுதான் கட்டியை வெட்டி எடுக்க ஏலும்."

"கை சரிவருமா டொக்டர்?"

"முழுசா வராது. முந்தியே கூட்டிக்கொண்டு வந்திருந்தா இப்பிடி ஆகியிராது."

நஸ்ரி தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

கட்டியை எடுத்து, வீடு திரும்பி, வெகுநாள் கழித்து ஷாமிலா மறுபடி சுஜூது செய்தாள். வியர்க்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. வலக்கை மட்டும் தரையில் ஊன்ற மறுத்தது. நஸ்ரி பிடித்து வைக்கலாமென்றால், அவன் தொட்டால் தொழுகைக்காக அவள் கழுவிச் செய்த வுழூ முறிந்துவிடும். நஸ்ரி பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது லைலா ஓதிய தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள். "ஜின் போயிட்டா தம்பி?" என்று காதோடு கேட்டாள்.

நஸ்ரி வாசல் கதவை அகலத் திறந்துவிட்டு, தெருவுக்கே கேட்கச் சொன்னான்: "ஜின் வரல்ல ராத்தா, வந்தது வருத்தம். அதக் கதவச் சாத்தி வளத்தவன் நான். ஓதுறத ஓதுங்க, ஆனா ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. வருத்தத்துக்கு வெக்கப்பட்டு மூடி வெச்சா, அது ஆளத்தான் திங்கும்."